புது ஆடுகளுக்கு இருபத்தொரு நாள்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிட்டேன். பத்து மணிக்கு மாட்டு டாக்டர் நம்ம மந்தைக்குத் தடுப்பூசி போட வர்றார். மருந்து ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல இருக்கு. போன தடவை மாதிரி ஃப்ரீசர்ல உறைய வச்சு வீணாக்கிடாதீங்க. சினை ஆடுங்க கொம்புல சிவப்பு பெயின்ட் அடிச்சிருக்கேன், காட்டுங்க.

நோய் இருக்கான்னு தெரியுறவரைக்கும் புது ஆடுங்க தனியா இருக்கணும்னு அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். கத்துதுன்னு மூணாம் நாளே மந்தையோட விட்டது நீங்கதான். நீங்களே சொல்லிடுங்க. ஊசி போடலாமா வேணாமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.

சோறு ஹாட்பாக்ஸ்ல.

புது ஆடுங்களை மறுபடி பிரிச்சுக் கட்டிட்டேன். இன்னைக்கு முதல் நாள்.

இன்னொண்ணு. இருபத்தொரு நாள் தனியா இருக்கச் சொன்னது ஆடுங்களைத்தான். கூடத்துல கிடந்த உங்க தலகாணியை உள்ளே நம்ம கட்டில்ல எடுத்துப் போட்டுட்டேன்.