குடையோடு வந்த மட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றிக் கேட்காதே, நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது, அதுவும் உள்ளது உள்ளபடி எழுது. ஃபோன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம், நீ எடுத்தபாடில்லை. ஃபோனை எடுக்காமல் இருந்துவிடலாம், கதவடியில் கிடக்கும் அம்மா கடிதத்தைத் தாண்டிக்கொண்டு போக உனக்கு மனசு வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அந்தக் கடைசி நாள் ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் தூக்கிவாரிப் போடுகிறது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

எத்தனையோ ஊர் சுற்றி கோல்ஃப் ஆடுகிற பெண், வருஷத்தின் கடைசிப் போட்டி நம் ஊரிலேயே அமைந்ததால் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்கி ஆடப் போகிறாள் என்று நான் சந்தோஷத்தில் எவ்வளவு குதித்தேன், உனக்கே தெரியும். நீங்கள் மைதானத்துக்கு வந்தால் எனக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும், டிவியில் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். சரியென்று உட்கார்ந்தோம். மாடிவீட்டு டீச்சரும் வந்தார், அவர்தானே நமக்கு இந்த ஆட்டத்துக்கு அகராதி. பட்டியலில் இப்போது இருக்கிற இதே இடத்தில் இன்றைக்கு முடித்தால் அடுத்த வருஷம் முழுக்கப் பெரிய போட்டிகளில் ஆடுகிற கார்டு கையில் நிற்கும், சறுக்கினால் மறுபடி தேர்வுப் போட்டியில் புதுசாக வருகிற பிள்ளைகளோடு மோதி அடியிலிருந்து வர வேண்டும் என்று அவர் சொன்னதும் எழுந்து போய்ச் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன். முதல் குழியை அழகாக முடித்தாய். இரண்டாவது குழியில் பாதி வழி போயிருப்பாய், தூறல் போட்டது. உன் பை தூக்குகிற அண்ணன் பையின் பக்கவாட்டு உறையிலிருந்து குடையை உருவினார், குடையோடு கூடவே ஒரு மட்டையும் வந்து புல்லில் விழுந்தது. கேமரா உன் முகத்துக்குக் கிட்டே போனது. அடி என் கண்ணே, அந்த முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நான் நினைத்தேன், நீ கையைத் தூக்கி அந்த நடுவரைக் கூப்பிடுகிறாய். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பைக்குள் பதினாலு மட்டைதான் இருக்கலாமாம், இது பதினைந்தாவதாம், அதைத் தொட்டாயோ தொடவில்லையோ கணக்கே கிடையாதாம், ஆடின ஒவ்வொரு குழிக்கும் இரண்டு என்று உன் தலையில் நாலு அடி ஏறிவிட்டதாம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பையில் ஒரு சாமான் கூடுதலாக இருந்தது ஒரு குற்றமா, யார் வீட்டு நியாயம் இது என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

அதற்கப்புறம் நான் யாரைத் திட்டியிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையைத் தூக்குகிறவருக்கு எண்ணிப் பார்ப்பதைவிட வேறு என்ன வெட்டி முறிக்கிற வேலை, காலையில் என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு என் பெண்ணின் வயிற்றில் அடித்துவிட்டாரே, இந்த ஆட்டத்தில் பை தூக்குகிறவருக்குப் பேரே கேடியாம், இவரிடம் பையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும் என்று அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டேன். டீச்சர் சும்மா இருங்கள் என்று கையைப் பிடிக்கிறார், நான் விடவில்லை. உங்கப்பா அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவர திட்டாத. அத வச்சது நான்."

டீச்சரும் நானும் பேயறைந்தவர்கள் மாதிரி அவரைப் பார்த்தோம். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையேதான் சொன்னார். முதல் நாள் சாப்பிடும்போது நீ சொன்னாயே, பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற புதுத் தட்டு மட்டை கைக்கு அடங்கமாட்டேன் என்கிறது, கைக்கெட்டின தூரத்துப் பந்தெல்லாம் குழியைச் சுற்றிவிட்டுப் போகிறது என்று. நீ சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாய், மனுஷன் அதை மனசில் போட்டுக்கொண்டார். அலமாரி மேலே நீ விட்டுப் போன பழைய தட்டு மட்டை இருந்ததே, கைப்பிடி பிய்ந்தபோது அவரே குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நாடாவைச் சுற்றிக் கொடுத்தது, அதைத் துடைத்து எடுத்து, காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது பைக்குள் வைத்திருக்கிறார். மேலே வைத்தால் உன் புது மட்டைகளில் கீறல் விழுமாம், அதனால் குடை உறைக்குள். அந்த அண்ணன் ஆட்டம் தொடங்கும் முன்னால் எண்ணித்தான் இருக்கிறார், மேலே தெரிந்த பதினாலும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. குடைக்குள் மட்டை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும். உங்கப்பா ஒரு சொட்டுக் குழாயைப் பார்க்கப் போனாலும் ஸ்பானர் இரண்டு, ரெஞ்சு இரண்டு என்று கடையையே தூக்கிக்கொண்டு போகிறவர், அங்கே போய் இல்லையே என்று நிற்கக்கூடாது என்பார். கூடுதலாக இருந்தால் குற்றம் என்று ஒரு தொழில் உலகத்தில் இருக்கும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. எனக்கும்தான். இத்தனை வருஷம் நீ ஆடுகிறாய், பதினாலு என்ற கணக்கை ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லையே கண்ணே. நாங்களும் கேட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் முடிகிறவரை மூன்று பேரும் டிவி முன்னால்தான் இருந்தோம். நாலு அடியைத் தலையில் சுமந்துகொண்டு நீ ஆடின ஆட்டத்தை டீச்சர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார், கடைசிக் குழிவரைக்கும் விடாமல் துரத்தினாய், கார்டு மயிரிழையில் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் மைக்கை நீட்டி அந்த மட்டை எப்படி வந்தது என்று கேட்டார்களே, அதற்கு நீ சொன்ன பதில்தான் எங்களை அடியோடு சாய்த்துவிட்டது. நான்தான் வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன், என் பை, என் தப்பு என்று கண் இமைக்காமல் சொன்னாய். அடிக்கும் முன்னால் பந்து ஒரு நூல் அசைந்தாலும், யாரும் பார்க்காவிட்டாலும், தானே கையைத் தூக்கித் தண்டனை வாங்கிக்கொள்கிறவள் என்று உன்னைப் பற்றி நான் தைக்கிற கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அந்தப் பெண் ஊர் உலகம் பார்க்கப் பொய் சொல்கிறது. யாருக்காகச் சொன்னாய் என்று எனக்கு உடனே புரிந்தது. கறுப்பு நாடா சுற்றின கைப்பிடியைப் புல்லில் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா. வீட்டுக்கு வராமல் மைதானத்திலிருந்து நேரே போய் விமானம் ஏறினாயே, கோபத்தில் போனாய் என்று அவர் நினைக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் உன் பொய் உடைந்துவிடும் என்று போனாய் என்று நான் நினைக்கிறேன். எது சரி என்று நீதான் சொல்ல வேண்டும்.

உங்கப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் காலையிலேயே மாடிக்குப் போய், போட்டி நடத்தினவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள் என்று டீச்சரிடம் நின்றிருக்கிறார். என்ன எழுத வேண்டுமாம், தப்பு செய்தது தகப்பன், அதனால் அந்த நாலு அடியையும் கழித்துவிட வேண்டும், அவருக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதமாம். யார் வைத்தாலும் பைக்குச் சொந்தக்காரிதான் பொறுப்பு, விதி அப்படித்தான் என்று டீச்சர் பொறுமையாக விளக்கினாராம். இவர் கேட்ட கேள்வியை அந்த அம்மா என்னிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. வச்சது நான், தண்டனை அவளுக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். இப்போது வேலைக்குப் போகும்போது ஒரே ஒரு ஸ்பானரோடு போகிறார், அது போதாமல் மறுபடி வீட்டுக்கு வந்து இன்னொன்றை எடுக்கிறார், எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் பேசுவதில்லை. உப்பைக் கூட்டிப் போட்டாலும் பேசவில்லை, போட்டுப் பார்த்தேன். உன் கூடப்பிறந்த அண்ணன் வந்து என்னவெல்லாமோ வேடிக்கை பேசிப் பார்த்தான், மனுஷன் அவனையே விருந்தாளி மாதிரி பார்க்கிறார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, நேற்று பை தூக்குகிற அண்ணன் ஃபோன் செய்தார். நான் திட்டினதற்கெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் காதில் விழவே விழாத திட்டுக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் சொன்ன செய்தியில் எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அவரை வேறு ஆட்டக்காரரைத் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டாயாம், தேர்வுப் போட்டிக்குப் பேரே கொடுக்கப் போவதில்லையாம், எங்கேயோ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குச் சேரப் போகிறாயாம். ஏன்டி, இது எப்போது முடிவானது, யாரைக் கேட்டு முடிவானது. உனக்கு உடம்பு முடியவில்லை என்றால் விட்டுவிடு. இந்த ஆட்டமே வெறுத்துப் போயிற்று என்றால் இந்த நிமிஷமே விட்டுவிடு, மட்டையை எல்லாம் கொடியில் துணி தள்ள வைத்துக்கொள்வேன், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் நீ வெறுத்துப்போனவள் மாதிரி அன்றைக்கு ஆடவில்லையே, அத்தனை அடி பின்னால் கிடந்தும் ஒவ்வொரு பந்தையும் குனிந்து குனிந்து பார்த்தாயே, நான்தான் பார்த்தேனே. இப்போது நீ நிறுத்தினால் உன் ஆட்டத்தை நீ நிறுத்தினதாக ஆகாது, உங்கப்பா நிறுத்தினதாக ஆகிவிடும். நீ அவரைக் காப்பாற்றுவதற்காக ஊர் முன்னால் சொன்ன பொய்யும் வீணாகிவிடும். மிரட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள், ஆமாம் மிரட்டல்தான், பெற்றவளுக்கு அந்த உரிமைகூடவா இல்லை. தேர்வுப் போட்டியில் தோற்றுவிட்டு வந்து நிறுத்து. அந்தத் தோல்வி உன்னுடையது, அதை யாரும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்காது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டாதே. தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பேர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறதாம், பை தூக்குகிற அண்ணன் சொன்னார், ஞாபகம் வைத்துக்கொள். ஜெயித்தாலும் தோற்றாலும் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இவ்வளவு எழுதி மடிக்கப் போகும்போது உங்கப்பா வந்து நிலைப்படியில் நின்றார். நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம், "அடுத்த தடவ அவ வரும்போது பைய வாசல்வரைக்கும் நான் தூக்கிட்டு வரலாமான்னு மட்டும் கேட்டு எழுது" என்றார். கேட்டு எழுதிவிட்டேன். இதற்கு எனக்குப் பதில் எழுதாதே, அவரைக் கூப்பிட்டு உன் வாயால் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா