பதினாறு நாள் தீட்டும் அந்தமான் டிக்கெட்டும்

என் செல்லக் கலாவுக்கு,

மாசி பிறந்துவிட்டது. சம்பா அறுவடை முடிந்தாயிற்று. அறுவடை மெஷின் இந்த முறையும் கீழ வயலில் சேற்றில் மாட்டிக்கொண்டது, அரை நாள் கூச்சல். உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. உன் வீட்டுக்காரர் மூன்று வேளையும் எங்கள் பக்கம்தான் சாப்பிடுகிறார். நேற்று குழம்பில் உப்புக் குறைவு என்றார். உன் சமையலில் ஒரு நாளும் குறை சொல்லாத மனிதர் என்று நினைத்திருந்தேன். உன்னிடமும் சொல்லியிருப்பார், நீதான் என்னிடம் சொல்லாமல் விட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்கள் படித்தால் இன்னும் நல்லது. அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கலா என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. திருவையாற்றுப் பக்கம் ஒரே வீட்டில் இருபத்தோரு வருஷம் வாழ்ந்தோம், நடுவில் ஒரு சுவர், ஆளுக்கு ஓர் அடுப்படி. போன ஐப்பசியில் போய்விட்டாள். வயது நாற்பத்து நாலு.

நெஞ்சு பிடித்துக்கொண்டது, வாயுவாக இருக்கும் என்றாய். நானும் ஓமத்தைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கார் பிடித்துத் தஞ்சாவூர் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அது உனக்கும் எனக்கும் தெரியாமல் நடந்தது. தெரிந்தே நான் செய்த ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுத வேண்டும்.

உனக்கு எங்கிருந்துதான் அந்தத் தீவுப் பைத்தியம் பிடித்தது? அடுப்படியில் பருப்பு டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டே அந்தமான் வீடியோ பார்ப்பாய். கடல்தான் வேண்டுமென்றால் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறு, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம் என்று உன் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நீ கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்.

"அது வேலை செய்யுற கடலுங்க. வலையும் படகும் ஏலக் கூச்சலும். நான் பாக்கணும்னு சொல்றது சும்மா கெடக்குற கடலு. நானும் அது பக்கத்துல நாலு நாளு சும்மா கெடக்கணும்."

வீடியோவில் பேசும் பெண்கள் குறைந்த செலவு என்று சொன்ன தொகையைக் கேட்டு, இது நம் குறுவைக்கு உரம் வாங்குகிற காசு என்று சிரித்தாய். சிரித்துவிட்டு விடவும் இல்லை. ஆறு மாசம் அதே வேலையாக இருந்து அந்தச் செலவைப் பாதியாக்கினாய். மார்கழி, தை பக்கமே போகக் கூடாது, ஊரே அங்கேதான் நிற்கும், பங்குனிதான் நமக்குச் சரி என்றாய். வயலிலும் வேலை இராது, கடலும் அலை அடங்கிக் கிடக்கும். வாரக் கடைசியில் ஏறாமல் புதன்கிழமை ஏற வேண்டும். சென்னை வரைக்கும் ரயில், அங்கிருந்து விமானம். போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி, அவ்வளவுதான். பெயர் பெற்ற தீவை விட்டுவிட்டு நீல் தீவு என்கிற சின்னத் தீவுக்குப் போக வேண்டும். தனியார் கப்பல் வேண்டாம், வரிசையில் நின்று அரசாங்கக் கப்பலுக்குச் சீட்டு வாங்கினால் போதும். கடலைப் பார்த்த அறை எதற்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு நடந்து போனால் கடல் ஓடிவிடுமா என்று கேட்டாய். ஆக்ஸிஜன் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குவதெல்லாம் பணக்காரர்களுக்கு. நமக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுத்து மீன் பார்த்தால் ஆயிற்று. அங்கே பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், பயப்படாதே அக்கா என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய்.

பால் ஊற்றிச் சேர்த்த பணத்தில் எனக்கும் சேர்த்து நீதான் டிக்கெட் போட்டாய். இருப்பதிலேயே மலிவான டிக்கெட். போகாவிட்டால் பணம் திரும்பாது என்று போட்டிருந்தது. போகாமல் இருக்க என்ன இருக்கிறது என்று அதையே எடுத்தாய்.

போன பங்குனியில், கிளம்ப ஆறு நாள் இருந்தபோது வடக்குத் தெருக்காரர் செத்துப்போனார்.

அவர் யார் என்று படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மாமனாருடைய அண்ணன் மகன். பங்காளி. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு குறுவையில் எங்கள் வயலுக்கு வருகிற வாய்க்காலை அடைத்துவிட்டார், நாற்றங்கால் கண்ணெதிரே காய்ந்தது. ஆண்கள் இரண்டு பேரும் பஞ்சாயத்து வைக்கலாம், மனு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடைப்பை வெட்டிவிட்டாய். அவர் வரப்பில் நின்றுகொண்டு உன்னைச் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. சேற்றுக் காலோடு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து நீ அழுததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

அந்த மனிதருக்குப் பங்காளித் தீட்டு பதினாறு நாள். கருமாதி முடியும் வரை விளக்கேற்றக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியம் எதற்கும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. நம் வீட்டில் இந்த மாதிரி விஷயத்தில் மூத்த மருமகள் சொல்வதுதான் முடிவு. மாமியார் இருந்தவரை அவர்கள், அவர்களுக்குப் பிறகு நான். ஆண்கள் இருவரும் அன்றைக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? உங்கள் இஷ்டம் என்றார்கள். என் வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது நீ கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாய்.

"உசிரோட இருந்தப்ப ஒறவு இல்லேக்கா. தீட்டுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு ஒறவு?" என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன்? ஊரில் என்ன பேசுவார்கள், சாவு வீட்டை வைத்துக்கொண்டு இரண்டு மருமகள்களும் ஊர் சுற்றப் போனார்கள் என்பார்களே என்றேன். "அடுத்த வருஷம் போலாம் கலா. தீவு எங்க போயிடப் போவுது." இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

நீ சண்டை போட்டிருக்கலாம். வாய்க்காலை வெட்டியவள், என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தமான் பேச்சை நீ எடுக்கவில்லை. போன் பருப்பு டப்பாவில் சாய்ந்துதான் இருந்தது. அதில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பயந்து நான் உன்னை நிறுத்தினேன் என்று நீ நினைத்துக்கொண்டே போயிருப்பாய். அது பொய். நீ காவிரியில் வெள்ளம் போகும்போதே நீந்தியவள். எனக்குப் படித்துறையில் மூன்றாம் படிக்குக் கீழே கால் வைக்கப் பயம். விமானத்தில் ஏற இன்னும் பயம். அதைவிட, புது ஊரில் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் நடக்க வேண்டியிருக்கும், நீ பேச நான் முழிக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குக் கசந்தது. வீட்டில் மூத்தவள் நான் அல்லவா? வடக்குத் தெருவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி, கலா. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிக்குத் தீட்டு என்று பெயர் வைத்தேன்.

சரி, உனக்குத் தீட்டுக் காத்தவர்களின் லட்சணத்தைக் கேள். நீ போன ஒன்பதாம் நாள். வடக்குத் தெருக்காரரின் சின்ன மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலேசியா போய்விட்டான். உயரமான கட்டடத்தின் முன்னால் நால்வரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். நம் வீட்டில் அன்றைக்கு விளக்குக்கூட ஏற்றவில்லை. நான் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே படத்தைக் காட்டினேன்.

"முன்னாடியே டிக்கெட் போட்டுட்டாங்களாம். பணம் திரும்பாதாம். பாவம், அவங்கதான் என்ன பண்ணுவாங்க" என்றார்.

கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஊரில் ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை, கலா. ஒருத்தர்கூட. எந்த ஊர் பேசும் என்று சொல்லி நான் உன்னைக் கட்டிப் போட்டேனோ, அந்த ஊர் அந்தப் படத்துக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தது. உன்னைப் போகவிட்டிருந்தாலும் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு உளுந்து விலை பேசப் போயிருப்பார்கள்.

உன் மகள் யாழினி பொங்கலுக்குத் திருச்சி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். இளைத்துவிட்டாள், ஆனால் படிப்பை விடவில்லை. பங்குனியில் அந்தமானுக்கு என்னோடு வருகிறாயா, உன் அம்மா போட்ட திட்டப்படியே போய் வரலாம் என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அம்மா கூப்பிட்டப்ப வராதவங்க, இப்ப யாருக்காகப் பெரியம்மா போறீங்க?"

மறுபடி மடிக்க ஆரம்பித்தாள், நான் வரவில்லை என்றாள். நீ என்னிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் உன் மகள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். எனக்கு வலித்தது. உனக்காக ஒருத்தியாவது என்னைக் கேட்டாளே என்றும் இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ் கடைக்கு நானே போனேன். எத்தனை பேர் என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். ஒருத்தர் என்றேன். பங்குனியில் ஒரு புதன்கிழமை, நீ சொன்ன மாதிரியே. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து, செத்தவளுக்கு இன்னும் தலைத்திவசம்கூட ஆகவில்லையே என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வருஷம் திரும்பட்டுமே என்று இவர் என்னிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம்னு அவகிட்ட நான் சொன்னேங்க. அதை என்கிட்ட நீங்க சொல்லாதீங்க" என்றேன்.

உனக்காகப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அது இன்னொரு பொய்யாகிவிடும். உன் படத்தைக் கடலில் காட்டுவது, உன் பெயரை மணலில் எழுதுவது, அந்த நாடகமெல்லாம் கிடையாது. நான் பயந்துகொண்டேதான் போகப் போகிறேன். தண்ணீரில் குப்புறப் படுப்பேனா என்று தெரியாது. நீ பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. இருந்திருக்க வேண்டியவளை இல்லாமல் செய்துவிட்டு, கூடவே வருகிறாள் என்று எந்த வாயால் சொல்வேன்?

போன வாரம் யாழினி மறுபடி வந்தாள். பக்கத்தில் உட்கார வைத்து ஒன்று சொன்னேன்.

"நான் சாகுற அன்னிக்கு உன் கையில டிக்கெட் இருந்தா, நீ கெளம்பிப் போயிடணும். வந்து மொகத்தைப் பாக்கணும், பதினாறு நாளு உக்காரணும்னு ஒண்ணும் கெடயாது. எவனாவது கேட்டான்னா, பெரியம்மா எழுதியே குடுத்திருக்காங்கன்னு காட்டு."

போகும்போது வாசலில் நின்று, எந்தப் புதன்கிழமை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

எழுதிக் கொடுப்பதாகச் சொன்னது இந்தக் கடிதத்தைத்தான். நம் பங்காளிகள் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். இனி இந்த வீட்டில் யார் செத்துக் கிடந்தாலும், கிளம்ப நினைக்கிற ஒரு பெண்ணின் வழியில் நான் நிற்க மாட்டேன். அந்தப் பிணம் நானாக இருந்தாலும்தான். இது உனக்குச் செய்கிற சத்தியம், கலா. ஒரு வருஷம் பிந்திவிட்டது.

உன்னைப் போகவிடாத
உன் மூத்த ஓரகத்தி,
வசந்தா அக்கா