பச்சை எஞ்சின் ஏன் மலையேறவில்லை

டயர் வாசம் போகாத விரலால் என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைக்கும் என் அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றினோமே, பார்த்தீர்களா? அன்றைக்கே ஒரு சங்கதி சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் உங்கள் மருமகன் ஜெரால்டு நின்றார். அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன். நான் ஒரு பேச்சை விழுங்கினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இதை நம் பங்குக் கோயில் மடலில் போடுவார்களாம். அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் துக்க வீடு என்று கிறிஸ்துமஸ் குடில் வைக்கவில்லை. இந்த வருஷம் வைத்தே ஆகவேண்டும் என்று, சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கி நீங்கள் செய்கிற மாதிரியே மலை செய்தேன். பெத்லகேம் என்று பெயர்தான், பார்த்தால் நம் சங்ககிரி மலை. அதைச் சுற்றித் தண்டவாளம் பூட்டி, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் உங்களுக்குக் கொடுத்த அந்தப் பொம்மை ரயிலின் பச்சை எஞ்சினை வைத்துப் பெட்டிகளை மாட்டினேன்.

சமதளத்தில் நன்றாகத்தான் வந்தது. மேடு வந்ததும் நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் சேற்றில் சிக்கின லாரி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தேன். வெறும் எஞ்சின் ஏறப் பார்த்துப் பின்னால் வழுக்கி வந்தது. உங்கள் கையில் அத்தனை பெட்டியையும் இழுத்துக்கொண்டு மலையேறிய வண்டியா இது?

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஏனென்றால் ஈஸ்டர் முடிந்த கையோடு ஜெரால்டு அந்த எஞ்சினைத் துணிப்பையில் சுற்றி ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். "கழுவித் தொடச்சுக் கொண்டாரேனுங்க சின்னத்தை" என்றார். எஞ்சினை யாராவது கழுவுவார்களா? கல்லறையில் நான் விழுங்கியது இந்தச் சங்கதியைத்தான். இந்த மாதிரி பழைய ரயிலுக்குப் பைத்தியமாக அலைகிற ஆட்கள் உண்டு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நிஜத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கவிழ்த்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் ஏறியது. பின் சக்கரத்துக்கு மட்டும் கறுப்பு ரப்பர் வளையம். முன் சக்கரம் வெறும் இரும்பு. இருந்த ரப்பரும் நைந்த ரப்பர் பேண்டு மாதிரி தொளதொளவென்று கிடந்தது. அண்ணியிடம் கேட்டேன். புளி கரைக்க வேண்டும் என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அப்படியானால் அண்ணிக்கும் தெரியும்!

ரோஸிக்குப் போன் போட்டேன். உங்கள் மகளாயிற்றே, சுற்றி வளைக்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு எங்கப்பா பொம்மையத் திருடிட்டாருங்கறீங்களா அத்தை? அப்படின்னா கிறிஸ்துமஸுக்கு நாங்க வரலைங்க. நீங்களே குடில் வச்சு நீங்களே கும்புட்டுக்குங்க."

நீங்கள் இல்லாத வீட்டில் மகளும் வராவிட்டால் அண்ணி யார் முகத்தைப் பார்த்துக் கேக் வெட்டுவார்? பயந்துபோய்க் கோடி அற்புதர் அந்தோணியாரிடம் விழுந்தேன். காணாமல்போன பொருளைக் காட்டிக்கொடுக்கிறவர் அவர்தானே. என் சாவிக்கொத்தைக் கண்டுபிடித்துத் தந்து அலுத்துப்போனவர். செபமாலை முடிவதற்குள் ஒரு யோசனை கொடுத்தார்.

ஒரு தடவை அந்த ரப்பர் வளையம் தேய்ந்துபோய் நீங்களே மாற்றினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பழையதைக் கழற்றி, வளையம் உட்காருகிற பள்ளத்தை உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்தீர்கள். தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடுமுன் சுரண்டுகிற அதே தொழில் பழக்கம். "சொரசொரப்பு இல்லாத எடத்துல ரப்பர் நிக்காது சாமி" என்றீர்கள். இத்தனூண்டு வண்டிக்கு யாராவது அப்படிச் செய்வார்களா? உங்களைத் தவிர யாருமில்லை. அப்படியானால் பள்ளத்தில் கீறல் இருந்தால் உங்கள் எஞ்சின். கண்ணாடி மாதிரி இருந்தால் திருட்டு எஞ்சின்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோஸியையும் ஜெரால்டையும் வரவழைத்தேன். அவர் கையில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் புது ரப்பர் வளையங்கள். முன்கூட்டியே தயாராக வந்திருக்கிறாரே, ஏன்?

ஊசியால் பழைய வளையத்தை நெம்பி எடுத்தேன். ஆண்டவரின் காயத்தில் தோமையார் விரலை விட்டுப் பார்த்த மாதிரி நானும் பள்ளத்தில் நகத்தை விட்டேன். சொரசொரவென்று இருந்தது. குறுக்கும் மறுக்குமாக உங்கள் கீறல்.

விரலை எடுத்தால் தேங்காய் எண்ணெய் வாசம்.

எண்ணெய் வைத்தது யார் என்று கேட்டேன். அண்ணிதான் வாய் திறந்தார்.

"நாந்தான் ஆரோக்கியம். உங்கண்ணன் முடியாம இருந்தப்ப கால்ல தடவுன அந்தோணியார் கோயில் எண்ணெ மிச்சம் இருந்துச்சு. மந்திரிச்ச எண்ணெயக் கீழ கொட்டலாமா? அதான் வெள்ளிக்கிழமையானா இதுங் காலுக்குத் தடவிவிட்டேன்."

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறித் தொளதொளத்துப்போகும் என்று டயர்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா, அண்ணா? தெரிந்தும் தடவியிருக்கிறார். அதைப் பார்த்த ஜெரால்டு, மாமியார் மனசு நோகக்கூடாது என்று கழுவ எடுத்துப் போயிருக்கிறார். ஊறின ரப்பர் கழுவியும் தேறவில்லை என்று புதுசுக்குச் சொல்லிவைத்தாராம், வெளிநாட்டு வளையம் என்பதால் வந்து சேர இத்தனை நாள்.

இதை என்னிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். "உங்ககிட்டச் சொன்னா ஓமலூர் வரைக்கும் போயிருமுங்க அத்தை" என்றாள் ரோஸி. நான் மறுக்கவில்லை. முன் சக்கரத்து ரப்பரையாவது யார் எடுத்தது என்று கேட்டேன். அதற்கு ரப்பரே கிடையாது என்றார் ஜெரால்டு. ரப்பர் போட்ட சக்கரம் இழுக்குமாம், வெறும் சக்கரம்தான் தண்டவாளத்தைத் தொட்டுக் கரண்ட் வாங்குமாம். இருக்கட்டும்.

புது வளையத்தை ஜெரால்டு மாட்டப் பார்த்தார். தடித்த விரல், வளையம் துள்ளிக் குடிலில் இருந்த ஆட்டுக்குட்டி பொம்மை மேல் விழுந்தது. செபமாலை கோர்க்கிற கை எனக்கு. எண்ணெய் போகப் பள்ளத்தைத் துடைத்து, ஒரு ஓரத்தை உட்காரவைத்து, பல்குச்சியால் முறுக்கு விழாமல் சுற்றிவர ஏற்றினேன். அதற்கு முன்னால் உங்களை மாதிரியே உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். ஜெரால்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாமுங்க சின்னத்தை. மாமா தேச்சதே இருக்கட்டும்."

வண்டி மலையேறியது, அண்ணா. அத்தனை பெட்டியோடும். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

எல்லாரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வேறொன்றைப் பார்த்தேன். ஜெரால்டு அந்தப் பழைய ரப்பர் வளையங்களைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீங்கள் மாட்டிய வளையம்தான், ஆனால் ஊறிப்போன ரப்பர், எதற்கும் உதவாது. எதற்கு எடுத்தார்? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று சுவிட்சை அவர்தான் போடுவார். நான் அவர் கையைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்ப்பேன். அந்தச் சட்டைப் பையைப் பற்றி அடுத்த கல்லறைத் திருநாளுக்கும் கேட்க மாட்டேன். உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
ஆரோக்கியம்