லாத்தாவின் ரிட்டர்ன் டிக்கெட்

நவம்பர் 11, செவ்வாய்

விடியும்போதே தூறல். டிராவல்ஸ் கடை ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை, குனிந்துதான் உள்ளே போனேன். எண்ணெய் விட வேண்டும்.

இன்று:
– மக்கா போகும் உம்ரா குரூப் பெயர்கள் சரிபார்ப்பு
– பிரிண்டருக்கு மை
– பர்வீன் கண்ணாடி (மூன்று வாரமாக எழுதுகிறேன், பாவம், என் பெண்டாட்டி பழைய கண்ணாடியோடுதான் அரிசி புடைக்கிறாள்)
– லாத்தா டிக்கெட்

லாத்தாவின் விசா வந்துவிட்டது. அறுபது நாள் விசிட். ஜுலைகா லாத்தா எனக்கு ஒரே அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கடலூர் ஓ.டி.யில் தனியாக இருக்கிறாள், அவள் புருஷன் மவுத்தாகி ஆறு வருடம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மகள் நஸீமா ஷார்ஜாவில், தலைப்பிரசவம். டிசம்பர் முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். லாத்தா வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள்.

போனில் கேட்டாள். "அறுவது நாளுன்னா எதுலேர்ந்துடா அறுவது நாளு? இன்னிலேர்ந்தா?"

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. விசா கொடுத்த நாளிலிருந்து அறுபது நாளைக்குள் உள்ளே போய்விட வேண்டும், அது ஒரு கணக்கு. உள்ளே கால் வைத்த நாளிலிருந்து அறுபது நாள் தங்கலாம், அது வேறு கணக்கு. இரண்டு முறை சொன்னேன். "சரி போ, நீ இருக்க. எனக்கு எதுக்குக் கணக்கு" என்று வைத்துவிட்டாள்.

விசிட்டில் போகிறவர்கள் திரும்பி வரும் டிக்கெட்டையும் காட்ட வேண்டும். கவுண்டரில் சில நாள் கேட்பார்கள், சில நாள் கேட்க மாட்டார்கள். லாத்தா எப்போது திரும்புவாள்? யாருக்குத் தெரியும். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிய வேண்டும். விசாவை நீட்டிக்க வேண்டியிருக்கலாம். அதனால் வழக்கம்போல. ஜனவரி பத்தாம் தேதிக்கு ஒரு சீட்டு பிடித்து, பணம் கட்டாமல், அந்த ஆறெழுத்து புக்கிங் நம்பரோடு அச்செடுத்தேன். பார்வைக்கு அசல் டிக்கெட்தான். இரண்டு நாளில் தானாகச் செத்துவிடும். தொழிலில் இதற்கு டம்மி என்று பெயர். எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன், ஒருவரும் திரும்பி வந்து சண்டை பிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வியாழன் சாயங்காலம் புதிதாக ஒன்று போட்டு அனுப்ப வேண்டும். மறக்கக் கூடாது.

நவம்பர் 13, வியாழன்

மழை ஜாஸ்தி. மத்தியானம் சிதம்பரத்துக் கடையைச் சாத்திவிட்டு கடலூர் போனேன், லாத்தாவை வழியனுப்ப.

அவள் கட்டிவைத்திருந்தவை: பிரசவ லேகியம் இரண்டு டப்பா. பூண்டு. நெத்திலிக் கருவாடு, நாலு கவர் போட்டு. வெள்ளைத் துணி கிழித்து அடுக்கிய பிள்ளைத்துணி. நஸீமா சின்ன வயதில் போட்ட கொலுசு. வசம்பு. கருவாட்டை எடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டாளாம்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள், பள்ளிக்கூடப் பிள்ளை சிலேட்டைக் காட்டுவதுபோல.

"இது போறது. இதான் திரும்பி வர்றதா?"

"ஆமா லாத்தா."

"பத்திரமா வெச்சிருக்கேன்."

நாளை சலீம் மச்சான் காரில் சென்னை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகிறான். பர்வீனுடைய அண்ணன், நம்பிக்கையான ஆள். நானும் போயிருக்கலாம். ஆனால் உம்ரா குரூப்காரர்கள் கடைக்கு வருகிறார்கள்.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டில் தண்ணீர், பஸ் ஒரு மணி நேரம் நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் வழி முழுக்கத் தன் மருமகனைத் திட்டினார். நனைந்து வீடு. ரசம், சுட்ட அப்பளம், படுக்கை.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். அப்பளம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். டம்மியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இங்கேயாவது.

விமானம் 2.40. பன்னிரண்டு ஐந்துக்கு லாத்தா கூப்பிட்டாள். கடையில்தான் இருந்தேன், கம்ப்யூட்டருக்கு முன்னால். அவள் பெயரைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் போட வேண்டியதைப் போடவில்லை. நம்பர் செத்திருக்கும். கவுண்டரில் நிற்கிறாள்.

எடுக்கவில்லை.

எடுத்தால் கவுண்டர் பெண் போனை வாங்குவாள், யார் ஏஜென்ட், கடைப் பெயர் என்ன என்பாள். அதுதான் பயம். லாத்தா அங்கே நிற்பது மனதில் வரவில்லை, கடைப் பலகைதான் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. குரூப்காரர் ஒருவர், "பாய், போன் அடிக்குதே" என்றார். "கம்பெனிக்காரன், விடுங்க" என்றேன்.

பத்து நிமிடம் போதும். உண்மையான டிக்கெட் ஒன்றை எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் அவள் ஏறியிருப்பாள். கை கீபோர்டின் மேல்தான் இருந்தது. அது தெரிந்துதான் போனை சைலன்ட்டில் போட்டு ஜும்மா தொழுகைக்குப் போனேன்.

ஒன்றரைக்கு வெளியே வந்தேன். அப்போதும் நேரம் இருந்தது. செருப்பைத் தேடினேன். செருப்பு கண்முன்னே கிடந்தது.

ஆறு மிஸ்டு கால். இரண்டேகாலுக்குக் கூப்பிட்டேன், கவுண்டர் மூடியிருக்கும் என்று நன்றாகத் தெரிந்த பிறகு.

"தொழுகையில இருந்தேன் லாத்தா."

"அதான் நெனச்சேன். வெள்ளிக்கெழமையாச்சே. என்னை ஏத்தலடா."

"சர்வர் டவுனாயிருக்கும் லாத்தா. அவுங்க சிஸ்டம்ல ஏதோ பிரச்சனை."

"அப்டியா. நான்தான் ஏதோ தப்பா காட்டிட்டேனோன்னு."

நவம்பர் 15, சனி

சலீம் வந்தான். டீ கொடுத்தால் குடிக்கவில்லை.

"லாத்தா வெளிய வந்து சொன்னாங்க மச்சான். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல அடிச்சு அடிச்சுப் பாத்துதாம். இந்த நம்பர்ல புக்கிங்கே இல்லம்மா, யார் குடுத்ததுன்னு கேட்டுதாம். பின்னாடி நின்னவன் ஒருத்தன், கள்ள டிக்கெட்ட எடுத்துகிட்டு வந்துடறாங்கன்னானாம். லைன விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லிட்டாங்களாம்."

டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அங்கயே நின்னுருக்காங்க மச்சான், எல்லாரும் ஏறிப் போற வரைக்கும். இரும்மா, தம்பி எடுத்துடுவான், எடுத்துச் சொல்லிடுவான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிகிட்டே. திண்டிவனத்துல டீ வாங்கிக் குடுத்தேன், கையில வெச்சிகிட்டே ஆறிப்போச்சு." டம்ளரைத் தள்ளி வைத்தான். "சர்வர்தானா மச்சான்?"

"ஆமா."

சலீம் என்னைப் பார்த்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் 17, திங்கள்

வெயில். ஷட்டருக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது.

புவனகிரியிலிருந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறாராம். "உங்க கடையில ரிட்டர்ன் சும்மா ஒரு பேப்பர் போட்டுத் தருவீங்களாமே. நம்ம பக்கத்துல எல்லாரும் சொன்னாங்க."

இல்லை, உண்மை டிக்கெட்தான் எடுக்க வேண்டும், தேதி மாற்றிக்கொள்ளும் வகையில் எடுத்துத் தருகிறேன் என்றேன். விசா எந்தத் தேதி வரை செல்லும், அங்கே எத்தனை நாள் தங்கலாம், இரண்டும் வேறு என்று தாளில் எழுதிக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். எழுந்து எதிர்க் கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது, ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி. பிறகு அதை நினைத்தே கூசியது. முன்பின் தெரியாதவருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து உண்மை சொல்ல முடிகிறது.

பர்வீன் கண்ணாடி வாங்கியாயிற்று.

நவம்பர் 19, புதன்

காலை ஆறரைக்கு நஸீமா புருஷன் அன்வர் கூப்பிட்டான். நேற்று திடீரென்று வலி கண்டு, ஆபரேஷன். பெண் பிள்ளை. இரண்டு வாரம் முந்திவிட்டது. மூச்சு வாங்குகிறது என்று பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நஸீமா மயக்கம் தெளிந்ததும் உம்மா வந்தாச்சா என்று கேட்டாளாம். வெள்ளிக்கிழமை ஏற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மயக்கத்தில் மறந்திருக்கிறாள்.

"நான் டூட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடறேன் மாமா. இங்க யாரும் இல்ல."

பதினோரு மணி பஸ்ஸில் ஓ.டி. லாத்தா வீட்டுக்குத் திரும்பும் முனையில், மீன் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பொம்பளைகள்.

"கள்ள டிக்கெட்டோட புடிச்சிட்டாங்களாமே ஏர்போர்ட்டுல."

"ஜுலைகாவா? அதுக்கு அதெல்லாம் தெரியாதேம்மா."

"யாரு கண்டா. போலீஸு வரைக்கும் போச்சாம்."

நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். லாத்தாவைப் பார்க்கவில்லை. பர்வீன் கேட்டதற்குப் பார்த்தேன் என்றேன்.

இதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

போனேன்.

லாத்தா பிள்ளைத்துணியைத் திரும்பத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கட்டி வைத்ததில் கருவாட்டு வாடை ஏறிவிட்டதாம். வாசலில் இல்லை, உள்ளே கொடி கட்டி. வெளியே வருவதில்லை போலிருக்கிறது. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"லாத்தா, சர்வர் எல்லாம் ஒண்ணுமில்ல. அந்த ரிட்டர்ன் டிக்கெட் டம்மி. நான்தான் போட்டேன். பணம் கட்டாத சீட்டு. புதுசா போட மறந்துட்டேன்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. "டம்மின்னா?"

"நெஜமில்ல லாத்தா. பொய் டிக்கெட்."

துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சேதான் என் கையில குடுத்தியா?"

"ஆமா. எல்லாருக்கும் அப்டித்தான். ஒண்ணும் ஆகாதுன்னு."

"சரி. மறந்துட்ட. மனுசன் மறப்பான்." இன்னொரு துணியை எடுத்தாள். "தொழுகையில இருந்தேன்னியே."

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பாள்.

"இல்ல லாத்தா. கடையிலதான் இருந்தேன். போன பாத்தேன். எடுக்கல."

துணி கையிலிருந்து விழுந்தது.

"டிக்கெட்ட விடுடா. நான் கூப்பிட்டேன்ல. ஆறு தடவ கூப்பிட்டேன்ல."

திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தால்கூட. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அந்த விசா செல்லுமா, அதுவும் போச்சா?"

செல்லும், ஜனவரி ஒன்பது வரை உள்ளே போகலாம், தங்கும் அறுபது நாள் இன்னும் தொடங்கவே இல்லை என்றேன். என் குரல் கடைக்காரன் குரல் மாதிரியே இருந்தது.

அன்வரே அங்கிருந்து டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறானாம். "அவன் பிள்ளையப் பாப்பானா, இதப் பாப்பானா. நீயே போடு" என்றாள்.

வெளியே வந்தேன். முனையில் மீன்காரம்மா தனியாக இருந்தாள். நின்று சொன்னேன், டிக்கெட்டில் தப்பு செய்தது நான், லாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது, போலீஸ் யாரும் வரவில்லை என்று. "எனக்கு என்னாத்துக்குப் பாய் சொல்ற" என்றாள். தராசைத் துடைத்தாள். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

நவம்பர் 21, வெள்ளி

போகவும் வரவும் டிக்கெட் எடுத்தேன். திங்கள், பகல் விமானம். திரும்ப ஜனவரி 18, அறுபது நாளைக்குள். விமானக் கம்பெனி சைட்டில் நானே நாலு முறை நம்பரைப் போட்டுப் பார்த்தேன்.

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பால் குடிக்கிறதாம்.

இன்று யாருக்கும் டம்மி போடவில்லை. ஒருவர் கேட்டார்.

நவம்பர் 24, திங்கள்

மழை இல்லை. நானும் போனேன். லாத்தா முன் சீட்டில் சலீமோடு உட்கார்ந்தாள். நான் பின்னால், கருவாட்டோடு. வழியில் சலீமோடு ரோட்டைப் பற்றி, மழையைப் பற்றி, அவன் மகள் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். என்னிடம் கோபமாக இல்லை. நான் தண்ணீர் பாட்டில் கேட்டபோது எடுத்துக் கொடுத்தாள்.

மீனம்பாக்கம் பத்தரைக்கு. சலீம் காரை நிறுத்தப் போனான். வாசலில் வரிசை. லாத்தா கவரைத் திறந்து திரும்பும் டிக்கெட்டை எடுத்தாள். எனக்குத்தான் காட்டப்போகிறாள் என்று கையை நீட்டினேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தொட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் லேப்டாப் பை.

"அம்மாடி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்றியா? இது நெஜ டிக்கெட்டுதானா?"

அந்தப் பெண் தாளை வாங்கி, போனில் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "கன்ஃபர்ம்தாம்மா. ஜனவரி பதினெட்டு. உங்க பேருதான் இருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க."

"இன்னொரு தடவ பாரும்மா."

இன்னொரு முறை பார்த்தாள். "சரியா இருக்கும்மா. எங்க போட்டீங்க?" சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

நான் இரண்டடி தள்ளி, டிராலியைப் பிடித்துக்கொண்டு.

"சிதம்பரத்துல ஒரு டிராவல்ஸ்ல" என்றாள் லாத்தா. டிராலியை என் கையிலிருந்து வாங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.