தழல்வாய் நாட்டுச் சூடு தணிந்தமை குறித்து வெண்மேட்டு அரசிக்கு

பனிமுகடு ஏழையும் ஒரு குடைக்கீழ் ஆளும் வெண்மேட்டு நாட்டுப் பெருந்தேவி, குடிகாத்த நாச்சியார் இளங்கோமாள் திருமுன்னர், தழல்வாய் நாட்டு மன்னர் அரிமணவர் ஆணைப்படி ஓலையமைச்சன் காரிநம்பி வணங்கி விடுக்கும் ஓலை. தேவியார்க்கும் குடிகளுக்கும் நலம் உண்டாகுக.

தங்கள் நாட்டு வெந்நீர் ஊற்றுகள் பதினொன்றும் உறைந்துபோயின என்றும், நாற்பதாயிரம் பேரோடு எங்கள் பள்ளத்தாக்குக்கு வர இசைவு வேண்டுமென்றும், எங்கள் நிலத்தடிச் சூடு இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்றும் தேவியார் திருமுகத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கு விடை சொல்லத் தக்கவள் எங்கள் நிலமறி அதிகாரி கொற்றி ஒருத்தியே. அவளுக்கு நேர்ந்ததைச் சொன்னால் விடை தானே விளங்கும்.

நாம் வாழும் இச்சிறு நிலம், வானில் அசையாது நிற்கும் பெருங்கோளைச் சுற்றி வருவது தேவியார் அறிந்ததே. அப்பாதை முன்பு நீள்வட்டமாய் இருந்தது. அணுகும்போது பெருங்கோள் நம் பாறையை இறுக்கும், அகலும்போது தளர்த்தும். மாவைப் பிசைவதுபோல் ஓயாது பிசைந்த அந்தப் பிசைவே நிலத்தின் வயிற்றைச் சூடாக வைத்திருந்தது. கொற்றி பன்னிரண்டு ஆண்டுகளாகத் துளையிட்ட வெண்கலத் தகட்டின் வழியே பெருங்கோளின் வட்டு எவ்வளவு பெரிதாய்த் தெரிகிறது என்று அளந்து வந்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் பெருத்துச் சிறுத்த வட்டு, இப்போது எந்நாளும் ஒரே அளவாய் நின்றது. பாதை வட்டமாகிவிட்டது, பிசைவு நின்றுவிட்டது என்று அவள் அவையில் அறிவித்தாள்.

மன்னர் அதை ஏற்கவில்லை. மேலே ஆறினால் என்ன, ஆழத்தில் நெருப்பு இருக்கும், தோண்டுக என்று ஆணையிட்டார். அறுநூறு முழக் கிணறு இறங்கியது. தோண்டியவர்களுக்குத் தலைவன் கொற்றியின் தம்பி மாறன். மேலே கந்தகம் படிந்த நுரைக்கல், அதன்கீழ் இறுகிய கருங்கல் என்று அவன் அனுப்பிய ஒவ்வொரு துண்டையும் கொற்றி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இருநூறு முழத்தில் மெழுகை உருக்கிய பாறை இருந்ததாக அவளுடைய ஆசிரியர் காலத்து ஏடு சொல்கிறது. இப்போது ஐந்நூறு முழத்திலும் மெழுகு இளகக்கூட இல்லை.

கடைசி நாளில் மாறன் ஆறு பேரோடு அடியில் இருந்தான். கிணற்று வாயில் குனிந்து நின்ற கொற்றிக்கு அவன் குரல் கேட்டது. அது கேட்டபடியே எழுதப்படுகிறது: “அக்கா, இங்கேயும் கல்லு சுடலை. சும்மா வெதுவெதுன்னுதான் இருக்கு. இன்னும் நாலு முழம் பார்த்துட்டு வரேன்.”

சூடு ஆறும் நிலம் சுருங்கும். மேல் ஓடு உள்ளே பொருந்தாமல் உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வடக்கே புதிதாய் எழுந்த செங்குத்து மேடுகள் அவ்வாறு வந்தவையே. அன்று கிணற்றுக்குக் குறுக்கே பாறை ஒரு முழம் நகர்ந்தது. கிணறு கத்தரித்தாற்போல் மூடிக்கொண்டது. கொற்றியின் கையிலிருந்த கயிறு தொய்ந்தது. கூலியாட்கள் வந்து விரல்களைப் பிரித்தெடுக்கும்வரை அவள் அதை விடவில்லை.

நெருப்பு கிடைத்துவிட்டது, அதைக் கண்ட பின்னரே எழுவரும் மாண்டனர் என்று குடிகளிடம் சொல்லுமாறு மன்னர் அவளைப் பணித்தார். மக்கள் கலங்கினால் ஊற்றுகளுக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வர் என்று அஞ்சியே அவ்வாறு பணித்தார். கொற்றி மறுக்கவில்லை; சொல்வதாகவே மன்றேறினாள். ஆனால் முன்வரிசையில் மாறனின் மனைவி நீலி நின்றாள். “அண்ணி, கடைசியிலே அவருக்குக் குளிரலையே?” என்று கேட்டாள்.

“குளிரலை நீலி. அங்கே இதமா இருந்துதுன்னு அவனே சொன்னான்,” என்றாள் கொற்றி. அது மெய். பிறகு மன்றத்தை நோக்கித் திரும்பியவளுக்குப் பணித்த சொல் வாயில் வரவில்லை. “அடியிலே நெருப்பு இல்லை. இனி வராது. பெரிய ஊற்று ஒன்பது வருஷம் ஓடும். அப்புறம் எதுவும் ஓடாது,” என்றாள்.

ஒருவரும் வாளெடுக்கவில்லை. மன்னர் அரியணையினின்று இறங்கி வெறுந்தரையில் அமர்ந்தார், அவளைத் தண்டிக்கவில்லை. அன்றுமுதல் எங்கள் ஊரில் எவரும் விதைக்க நாள் பார்ப்பதில்லை.

ஆகவே தேவியார் அறிக: இங்கே அடைக்கலம் இல்லை, தாமதம் மட்டுமே உண்டு. இரு நாட்டாரும் கூடி வாழ்ந்தால் ஒன்பதாண்டு நான்காகும் என்கிறாள் கொற்றி. மன்னர் அவையைக் கேட்டார். மூத்தோர் சிலர் வாயிலை அடைக்கச் சொன்னார்கள். யாரை வெளியே நிறுத்தி, அதனால் மிஞ்சும் ஐந்தாண்டில் எதைக் காக்கப்போகிறோம் என்று மன்னர் வினவினார். வாயில் திறந்தே இருக்கும். வரவிரும்புவோர் வருக. சொந்த மண்ணிலேயே இருந்துவிட விரும்புவோரைக் குறைகூற இங்கு எவருமில்லை.

இவ்வோலையைத் தூதர் எவரும் கொண்டுவரவில்லை, கொற்றியே கொண்டுவருகிறாள். அவளாகக் கேட்டுப் பெற்ற பணி இது. தங்கள் குடிகள் எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்வாள். நாற்பது நாள் உறைநிலத்தில் நடந்து வருபவள். அவளைச் சினவாது, பேசவைக்கும் முன் கைகளைச் சூடாக்கிக்கொள்ள விடுக.

கல்லும் கோளும் சான்றாக, மன்னர் அரிமணவர் தம் கையாலேயே இலச்சினை இட்டது. இவ்வாணை எங்கள் பெரிய ஊற்று ஓடும்வரை இரு நாட்டார்க்கும் செல்லும்.