கேட்டவர் கையெழுத்து

நவம்பர் 12

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

இங்கே நானும் உன் மகளும் நலம். என் பொறுப்பில் இருக்கும் பதினான்கு லிஃப்டுகளும் நலம். நீயும் அங்கே உன் வார்டில் நர்ஸாக நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் என் குரல் சரியில்லை என்றாய். குரலுக்கு ஒன்றும் இல்லை. உன் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

கணக்கில் அவள் பதினெட்டு மார்க் வாங்கியதை உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பியதைச் சொல்லவில்லை. ஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறாவிட்டால் பிள்ளையை வேறு பள்ளிக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் எழுந்திருக்கப் போகும்போது, ஒரு கம்பெனி மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு உதவுகிறது, பிள்ளைக்கு ஒருவராகத் தங்கள் ஊழியர்களையே துணை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வியாழன்தோறும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். என் பதினான்கு லிஃப்டில் ஒன்று ஓடுவது அந்தக் கட்டடத்தில்தான். நம் லிஃப்டில்தானே ஏறி இறங்கப் போகிறாள் என்று சந்தோஷமாகச் சரி சொன்னேன். என் வாய்தான் என் எதிரி.

ஆறாவது மாடியில் கண்ணாடி போட்ட ஒரு அறை. அங்கே இவளுக்கென்று வாய்த்தவள் முப்பது வயதுப் பெண். கம்ப்யூட்டரில் ஏதோ கணக்கு வேலை. அவளுக்குப் பெயர் இருக்கிறது. நான் சொல்வதில்லை. வீட்டில் இப்போது அவள் ஆறாம் மாடி. உன் மகள் வாயைத் திறந்தால் ஆறாம் மாடி புராணம்தான். அக்கா இடது கையால் எழுதுவாங்க, அக்கா தப்புப் போட்டாத் திட்டவே மாட்டாங்க, தப்பைச் சுத்தி வட்டம் போட்டு அழகா இருக்குன்னு சொல்லுவாங்க. தப்பில் என்ன அழகு என்று கேட்டேன். உங்களுக்குப் புரியாதுப்பா என்கிறாள்.

மூன்று வருடம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கத்தியது உண்மை. பென்சிலை இரண்டாக உடைத்ததும் உண்மை. ஆனால் விட்டுவிட்டு ஓடவில்லை. நீ போன பிறகு இந்த வீட்டில் அவள் பேச்சு எவ்வளவு குறைந்துபோயிற்று என்று உனக்கே தெரியும். வாயாடி என்று பெயர் வைத்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை வாங்க நான் தலைகீழாக நிற்க வேண்டியிருந்தது. இப்போது பேசுகிறாள். ஆனால் எல்லாப் பேச்சும் ஊராள் ஒருத்தியைப் பற்றி. வயிற்றெரிச்சல் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். வயிற்றெரிச்சல்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. போன வியாழக்கிழமை எனக்கு அந்தக் கட்டடத்தில் வேலையே இல்லை. இருந்தும் போனேன். ஆறாவது மாடியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்தி, 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பாவம், ஒரு மேனேஜர் மூச்சு வாங்க ஆறு மாடி ஏறி வந்தார். பெரிய ரிப்பேரா என்று கேட்டார். பெரிசுதான் சார் என்றேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உன் மகள் எழுந்து நின்று, பலகையில் ஏதோ எழுதி, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறாள். நடுவில் இருவரும் சிரித்தார்கள். உன் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும். அப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதில் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் போலப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஆறாம் மாடி வெளியே வந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். தாகம் இல்லை என்றேன். தொண்டை வறண்டு கிடந்தது.

கிரீஸ் படிந்த சட்டையில் நிற்கிற அப்பனை அந்த ஏசி அறையில் யாருக்குத்தான் காட்டத் தோன்றும்? வாயாடியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதில் வாரா வாரம் ஒரு தாள் வேறு. அங்கே படித்ததை வீட்டில் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கேட்டவர் கேள்வி கேட்க வேண்டுமாம். கடைசியில் 'கேட்டவர் கையெழுத்து'. சனிக்கிழமை காலையில் நான் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது தாளையும் பேனாவையும் கொண்டுவந்து நிற்பாள். ஆறாம் மாடி பாடத்துக்கு நான் மாணவனா என்று எனக்கு ஆத்திரம். சொல்ல ஆரம்பித்தால், வேலை கிடக்கு, எங்கே போடணும் சொல்லு என்று வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். இப்போது அவளும் சொல்ல ஆரம்பிப்பதில்லை. விரலை மட்டும் வைத்துக் காட்டுகிறாள்.

வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நீட்டிக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். யோசித்து எழுதுகிறேன். முட்டையை வேகவைத்துச் சாப்பிடு, வெறும் டீயில் காலத்தை ஓட்டாதே.

உன் மேல் கோபமில்லாத,
வாயாடியின் அப்பா


டிசம்பர் 21

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

உன் பதில் வந்தது. மூன்று பக்கம் சிரித்திருக்கிறாய். நான்காவது பக்கத்தில், முதலில் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அது வந்து சேருவதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அரையாண்டுத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். மார்க்கை என்னிடம் காட்டும்போது அவள் அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது எழுதப் போவதை நீ மட்டும் படி, படித்துவிட்டுக் கிழித்துப் போடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற பிள்ளை தோற்றுவிட்டு நிற்கிறாள், எனக்கு உள்ளுக்குள், பார்த்தாயா, ஆறாம் மாடியாலும் முடியவில்லை பார்த்தாயா என்று ஒரு குதூகலம். அரை நிமிடம்தான் இருக்கும். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஆறாம் மாடி போன் செய்து வரச் சொன்னாள். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று லிஃப்டிலேயே பேசிப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. எனக்கு முன்னால் ஏழு தாள்களை வரிசையாகப் பரப்பினாள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

அவள் சொன்னது இதுதான். நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரியலைங்க. வீட்டுல நீங்க இவ்வளவு நல்லாக் கேள்வி கேட்டு விளக்கியிருக்கீங்க, அதனால இந்தப் பாடமெல்லாம் அவளுக்குப் புரிஞ்சிருச்சுன்னு நம்பி அடுத்ததுக்குப் போயிட்டேன். பரீட்சையில இதே இடத்துலதான் எல்லாம் விட்டிருக்கா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் தாளை எடுத்துப் படித்தேன். 'கேட்டவர் கேட்ட கேள்வி' என்ற இடத்தில் உன் மகள் கையெழுத்தில் இருந்தது: "சமக்குறிக்கு இந்தப் பக்கம் கூட்டினா அந்தப் பக்கமும் ஏன் கூட்டணும், அவன் என்ன பாவம் பண்ணான்னு அப்பா கேட்டார்." அதற்குக் கீழே 'நீ சொன்ன பதில்' என்ற இடத்தில், "அப்பாவே விளக்கிவிட்டார்."

மூன்றாவது தாளில் இப்படி: "லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் ஒரு எதிர் எடை தொங்கும். இன்னைக்கு எத்தனை பேர் ஏறுவாங்கன்னு தெரியாம அந்த எடையை எப்படி முடிவு பண்றாங்க, அதுக்கு ஒரு சமன்பாடு எழுதுன்னு அப்பா கேட்டார். அப்பாவே விளக்கிவிட்டார்." எதிர் எடையைப் பற்றி அவளுக்கு நான் சொன்னது அவள் ஆறு வயதாக இருக்கும்போது. தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மோட்டார் அறையைக் காட்டினேனே, நீ கூட அழுக்காகிவிடுவாள் என்று சத்தம் போட்டாயே, அன்றைக்கு.

ஏழு தாளிலும் நான் இருந்தேன். கேலி செய்துகொண்டு, குறுக்கே பேசிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டு. ஒரு இடத்திலும் பென்சிலை உடைக்கவில்லை. நானும் எத்தனையோ பேர் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் உட்கார்ந்திருந்த அப்பன் மேல் வந்த பொறாமை மாதிரி எனக்கு யார் மேலும் வந்ததில்லை.

ஆமாம், நான்தான் விளக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆறாம் மாடி தலையில் பழியைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். என் தொழிலைப் பற்றி உனக்குத் தெரியும். ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்டின் பராமரிப்புக் கார்டிலும் இருபத்திரண்டு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. காய்ச்சல் நாளிலும் மாடி மாடியாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். பெற்ற பிள்ளையின் கார்டில் ஏழு வாரம் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். இதில் ஒரு கேள்வியும் நான் கேட்டதில்லம்மா, எல்லாம் அவளா எழுதினது என்றேன்.

அந்தப் பெண் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பிறகு சொன்னாள். எனக்கு உங்க மேல கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சுங்க. நான் எதைச் சொன்னாலும், எங்க அப்பா இதைவிடச் சுலபமாச் சொல்வாருன்னு சொல்லுவா. நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தன்னைக்கு, அதோ எங்க அப்பா, வேலையில இருக்கும்போது கூப்பிட்டா அவருக்குப் பிடிக்காது, ஆனா தண்ணி குடிக்க மறந்துடுவாருன்னு சொன்னா. அதான் தண்ணி கொண்டுவந்தேன்.

இறங்கும்போது லிஃப்டில் ஏறவில்லை. ஆறு மாடியும் படியில் இறங்கினேன். அன்றைக்கு ஏறி வந்த மேனேஜருக்கு அது சரியாகப் போயிற்று.

வாயாடியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை வழக்கம்போலத் தாளும் பேனாவுமாக வந்து விரலை வைத்துக் காட்டினாள். ஷூவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லு, கேக்கறேன் என்றேன். கையெழுத்து மட்டும் போதும்பா என்றாள். ஓட்டிப் பார்க்காம நான் போட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா என்றேன். நம்பாமல் ஆரம்பித்தாள். எனக்கு நிஜமாகவே புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னாள். மூன்றாம் தடவை குரல் உயர்ந்தது, என் குரல் மாதிரியே. பென்சிலை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் கேட்டேன். அது சரி, எத்தனை பேர் ஏறுவாங்கன்னு தெரியாம எதிர் எடையை எப்படி முடிவு பண்றாங்க, சமன்பாடு எழுது பார்ப்போம் என்று. அவள் தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். பெட்டியின் எடை, அதோடு முழுச் சுமையில் பாதி. சரியாகப் போட்டாள். 'நீ சொன்ன பதில்' என்ற இடம் முழுக்க நிரம்பி, ஓரத்திலும் எழுதினாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. விட்ட பாடத்தையெல்லாம் முதலிலிருந்து எடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். தேறுவாளா என்று தெரியாது. இந்தத் தடவை தோற்றால் எங்கே தோற்றோம் என்றாவது மூன்று பேருக்கும் தெரியும்.

இத்துடன் ஒரு தாளை அனுப்பியிருக்கிறேன். ஏழில் ஆறாவது. அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கையெழுத்துக்குக் கீழே 'இரண்டாவதாகக் கேட்டவர்' என்று ஒரு இடம் இருக்கிறது, பார். மற்ற தாள்களில் அதைக் கோடு போட்டு அடித்திருக்கிறாள். இதில் மட்டும் எழுதியிருக்கிறாள்: "அம்மா வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவு வேகமா போகாதே, எனக்கும் சேர்த்து முதல்லேர்ந்து சொல்லுன்னு கேட்டார்." அதற்கு எதிரே கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. என் கையெழுத்தை என்னிடம் வாங்கினாள். உன்னுடையதை அவளாகப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை போலிருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு, இரண்டு வருடம் நீட்டிக்கட்டுமா என்பதற்கு, நான் இன்னும் பதில் எழுதவில்லை. உன் வேலை, உன் முடிவு. நான் அதில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள். அங்கிருந்தே கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடாதே. நம் வீட்டில் கேட்காமல் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கும்,
முதலாவதாகக் கேட்டவர்