ஒட்டாமல் தொங்கிய இழை

இன்று காலை மொட்டைமாடிக் குழாயின் ஒழுகலை அடைக்க ஆள் வந்திருந்தார். இரண்டு டியூப் பசையையும் பிதுக்கி, அட்டைத் துண்டில் வைத்துக் குழைத்தார். அந்தப் பசை நெடி சமையலறைவரை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என்னைக் கிளப்பிவிட உன்னைவிட்டால் ஆளில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் நாம் இருவரும் இயற்பியல் விரிவுரையாளர்கள். பம்மல் பக்கத்து ஊழியர் குடியிருப்பில் எதிரெதிர் வீடு. அங்கே இருந்த மேல்நிலைத் தொட்டியின் நிழலில்தான் பிள்ளைகளின் விளையாட்டுப் பள்ளி. என் மகளும் அங்கேதான் நாள் முழுக்க மணலை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டிருப்பாள். தொட்டியைத் தாங்கும் உத்தரத்தில் மயிரிழை போல ஒரு விரிசலை நீதான் முதலில் பார்த்தாய். வெறும் பூச்சு வெடிப்பு என்றார்கள் குடியிருப்புச் சங்கத்தில். நீ கேட்பாயா? நம் ஆய்வுக்காக வந்திருந்த கண்ணாடி இழைகளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாய்.

அந்த இழைக்குள் ஒளியை அனுப்பினால் ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் திரும்பி வரும். இழை நீண்டால் அந்த நிறம் துளி நகரும். தொல்லை என்னவென்றால், வெயிலில் சூடானாலும் நகரும். அதனால் ஓர் இழையை இதே மாதிரிப் பசையால் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினோம். இன்னொன்றை எதிலும் ஒட்டாமல் பக்கத்திலேயே தொங்கவிட்டோம். தொங்குவதற்கு வெயில் மட்டும்தான் தெரியும். ஒட்டியதில் இருந்து அதைக் கழித்தால், மிச்சம் உத்தரம் படும் பாடு. "கூட நிக்கணும், ஆனா ஒட்டக்கூடாது. அப்பத்தான்டீ அது உண்மையச் சொல்லும்" என்பாய்.

தினமும் தொட்டி நிரம்பும்போது, அந்த மிச்சத்தைக் காட்டும் கோடு கணினித் திரையில் கொஞ்சம் ஏறும். தண்ணீர் இறங்க இறங்கக் கோடும் இறங்கும். வரவர இறங்கும்போது பழைய இடத்துக்கு முழுதாக வராதது போலிருந்தது. நமக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கப்புறம் கோடு அடங்கிவிட்டது. வரைகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக ஓடியது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சங்கச் செயலாளர் எல்லோருக்கும் காபி சொன்னார். நீ மட்டும் டம்ளரைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தண்ணி ஏறுது. கோடு ஏறலையே, ஏன்?" என்றாய்.

நல்லது நடந்தால்கூட உனக்குப் பொறுக்காதா என்று எரிந்து விழுந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாய். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே இரண்டாவது இழை தொங்கவில்லை. முதல் இழைக்குப் பக்கத்திலேயே, விரிசலுக்குக் குறுக்கே, உத்தரத்தோடு உத்தரமாக அழகாக ஒட்டியிருந்தது.

மோட்டார் போடும் அந்தோணி அண்ணன்தான் ஒட்டியிருந்தார். நாம் விட்டுவந்த மிச்சப் பசை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. "தொங்கிக்கினு ஆடுச்சு மேடம். வெள்ளையடிக்கிற பசங்க அறுத்துடப் போறானுங்கன்னு நான்தான் ஒட்டி வுட்டேன்" என்றார். நல்ல மனுஷன், நல்லது நினைத்துத்தான் செய்தார். இரண்டு இழையும் உத்தரத்தோடு சேர்ந்தே நீண்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

நீ யாரிடமும் விளக்கவில்லை. நேரே விளையாட்டுப் பள்ளிக்குள் போய், முதலில் கையில் அகப்பட்ட என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளையும் வெளியே ஓட்டினாய். பிறகுதான் தொட்டியைக் காலி செய்யச் சொன்னாய். மே மாதம், கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. மெஷினே ஒன்றும் இல்லை என்கிறது, உங்களுக்கு என்ன வந்தது என்று செயலாளர் கத்தினார். குடத்தோடு நின்ற பெண்கள் உன்னைச் சபித்தார்கள். தண்ணீர் வடிந்தபின் புதுச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார்கள். மயிரிழை இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. அந்தத் தொட்டியில் அதன்பிறகு தண்ணீர் ஏற்றவே இல்லை. இடித்துவிட்டார்கள்.

அன்று முழுக்க மகளை நான் கீழே இறக்கிவிடவில்லை. மணல் கேட்டு அழுதாள். நானும் அழுதேன். நீ எதிரே உட்கார்ந்து, கையில் ஒட்டிக் காய்ந்த பசையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாய்.

அவள் இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே பெண்கள் விடுதியில் இருக்கிறாள். அவள் அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று ஊரே பேசுகிறது. அறையில் கூட இருந்த பெண் போன வாரம் வேலை போய் ஊருக்குத் திரும்பிவிட்டாள். நேற்று போன் செய்தேன். "நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா" என்றாள். போன வாரமும் இதே சொல், இதே குரல். அன்றைய கோடு மாதிரி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவளே நன்றாக இருக்கிறேன் என்கிறாளே, நீ ஏன் கிடந்து தவிக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

குழாய்க்காரர் இப்போதுதான் போனார். பசை காய நேரமாகும், தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் புடவையை மாற்றிவிட்டேன். சிறுசேரிக்குப் பஸ் பிடிக்கப் போகிறேன்.